பெல்ட் செட் போட்டால் எருத் தொல்லை தீருமா?

மார்ச் 9 — கேள்வி

அண்ணா, எங்களுக்குப் பரமத்தி வேலூர் பக்கம் பண்ணை. 10,000 லேயர் (முட்டைக்கோழி). அப்பா காலத்தில் தூண் எழுப்பிக் கட்டிய கேஜ் செட், அதாவது கூண்டு வைத்த கொட்டகை. அடியில் எரு குவிந்து கிடக்கிறது. ஈ ஊருக்குள் போகிறது என்று பக்கத்துத் தோட்டத்துக்காரர்கள் சண்டைக்கு வருகிறார்கள். இதை இடித்துவிட்டு, எச்சத்தை வெளியே தள்ளுகிற பெல்ட் வைத்த ஈசி செட் (சுற்றிலும் மூடி, சூட்டையும் காற்றையும் இயந்திரத்தால் கட்டுப்படுத்துகிற செட்) போட்டால் ஈ, நாற்றம் இரண்டும் ஒழியும், எருவும் சத்துக் குறையாமல் கைக்கு வரும் என்று செட் போடுகிறவர் சொல்கிறார். எருவைப் பொறுத்தவரை பெல்ட் செட்டை விட்டால் வேறு வழியே இல்லை என்பது என் எண்ணம். மறுப்பவர்கள் இருந்தால் சொல்லுங்கள்.

மார்ச் 9, இரவு

மறுக்கிறேன். செட்டை இடிக்கும் முன்னால் ஒரு டார்ச் எடுத்துக்கொண்டு கேஜுக்கு அடியில் போய், கோழி தண்ணீர் குடிக்கிற நிப்பிளைப் பாருங்கள். எது எது சொட்டுகிறது என்று எண்ணிக்கொண்டு வாருங்கள். மற்றதை நாளைக்கு எழுதுகிறேன், முட்டை வண்டி வந்துவிட்டது.

மார்ச் 10

சரி, கணக்குக்கு வருவோம். ஒரு லேயர் ஒரு நாளைக்கு 110 கிராம் தீவனம் தின்றால் கிட்டத்தட்ட அதே எடைக்கு எச்சம் போடும். அதில் முக்கால் பங்கு தண்ணீர். உங்கள் 10,000 கோழிக்குத் தினம் 1,100 கிலோ எச்சம். காய்ந்த பொருள் 275 கிலோ, தண்ணீர் 825 லிட்டர்.

அந்த எருவை லாரியில் அள்ளிப் போடும் பதத்துக்கு, அதாவது 30 சதவீத ஈரத்துக்குக் கொண்டுவர வேண்டுமானால், தினம் சுமார் 700 லிட்டர் தண்ணீர் ஆவியாகப் போயாக வேண்டும். உங்கள் தூண் செட்டில் இந்த வேலையை யார் செய்கிறார்கள்? காற்று. அடியில் ஆறேழு அடி உயரத்துக்கு நாலு பக்கமும் திறந்து விட்டதே அதற்காகத்தான். கரண்ட் பில் கிடையாது, ஆள்கூலி கிடையாது.

இப்போது சொட்டுகிற நிப்பிளைப் பார்ப்போம். வினாடிக்கு ஒரு சொட்டு விழும் நிப்பிள் ஒரு நாளில் நாலு லிட்டருக்கு மேல் கொட்டிவிடும். கூண்டுக்கு ஒன்று, நாலு கோழிக்கு ஒரு கூண்டு என்று வைத்தால் உங்களிடம் 2,500 நிப்பிள் இருக்கும். அதில் நூறு சொட்டினால் 430 லிட்டர். எச்சத்தில் இருக்கிற தண்ணீரில் பாதிக்கு மேல் புதிதாகச் சேர்ந்துவிட்டது. காற்று தன் பங்கைத் தூக்கிக்கொண்டுதான் போகிறது. நாம் மேலே இருந்து ஊற்றிக்கொண்டே இருந்தால் அது என்ன செய்யும்?

எரு கூம்பு மாதிரி நின்றால் செட் நன்றாக இருக்கிறது. பரந்து வழிந்து களியாகக் கிடந்தால் அந்த இடத்துக்கு நேர் மேலே ஒரு நிப்பிளோ பைப் இணைப்போ ஒழுகுகிறது. இதற்கு எந்தக் கருவியும் வேண்டாம்.

மார்ச் 10, சற்று நேரம் கழித்து

"கோழிக்கே வயிற்றோட்டமாக இருந்தால்?" என்று மோகனூர் நண்பர் கேட்டிருக்கிறார். நியாயமான கேள்வி. அதற்குத் தனியாக வருகிறேன், அது தண்ணீர், உப்பு, தீவனம் என்று மூன்று பக்கம் போகிற கதை.

மார்ச் 13

"எரு சத்துக் குறையாமல் கைக்கு வரும்" என்று கேள்வியில் இருந்ததல்லவா, அதைப் பிடித்துக்கொள்கிறேன்.

110 கிராம் தீவனத்தில் 17 சதவீதம் புரதம் என்றால் அதில் தழைச்சத்து (நைட்ரஜன்) மூன்று கிராம். முட்டைக்குள் போவது ஒரு கிராம் சுமார். மீதி இரண்டு கிராம் பின்னால் வந்துவிடுகிறது. 10,000 கோழிக்குத் தினம் 20 கிலோ தழைச்சத்து. யூரியாவில் 46 சதவீதம் என்று வைத்துக் கணக்குப் போட்டால், இப்போது கடையில் விற்கிற 45 கிலோ மூட்டையில் ஏறக்குறைய ஒரு மூட்டை. தினமும். வருடத்துக்கு 350 மூட்டை யூரியா உங்கள் செட்டுக்கு அடியில் விழுகிறது.

அதில் எவ்வளவு லாரியில் ஏறுகிறது என்பதுதான் விஷயம். கோழிக்கு மூத்திரம் தனியாகக் கிடையாது. எச்சத்தின் மேல் வெள்ளையாக ஒரு படலம் இருக்குமே, அது யூரிக் அமிலம். எச்சத்தில் இருக்கிற தழைச்சத்தில் பாதிக்கு மேல் அதில்தான் இருக்கிறது. ஈரமும் சூடும் கிடைத்தால் நுண்ணுயிர்கள் அதை யூரியாவாக்கி, யூரியாவை அம்மோனியாவாக்கி காற்றில் விட்டுவிடும். திறந்த வெளியில் கிடந்தால் 30 நாளில் தழைச்சத்தில் பாதி போய்விடும் என்று வேளாண் பல்கலைக்கழகத்துப் பாடத்திலேயே இருக்கிறது. சீக்கிரம் காய்ந்தால் இந்த வேலை மந்தமாகிவிடும். ஈரம் 40 சதவீதத்துக்குக் கீழே போய்விட்டால் நுண்ணுயிர் கிட்டத்தட்டப் படுத்துவிடும்.

மணிச்சத்தும் (பாஸ்பரஸ்) சாம்பல்சத்தும் (பொட்டாஷ்) காற்றில் போகாது. குவியலில் மழை பட்டுக் கழுவினால்தான் போகும். ஆகவே பழைய எருவில் தழை குறைவு, மணி அப்படியே. இதை மனதில் வைத்துக்கொள்ளுங்கள், மஞ்சள் போடும் சமயத்தில் திரும்ப வருவேன்.

மார்ச் 14

"நெடி தூக்கலாக இருக்கிற எருவில்தான் சத்து அதிகம், வாங்க வருகிற வியாபாரியே மூக்கை வைத்துத்தான் விலை சொல்கிறான்" என்று ஒருவர் எழுதியிருக்கிறார்.

மூக்குக்கு வந்துவிட்டது என்றால் எருவில் அது இல்லை என்று அர்த்தம். வியாபாரி உங்களிடம் மூக்கால் விலை சொல்லட்டும், நீங்கள் அவரிடம் கையால் விற்றுப் பாருங்கள்: ஒரு பிடி எடுத்து இறுக்கி, விரலைத் திறந்தால் உதிர வேண்டும்.

மார்ச் 21

மாமா ஒருவர் பெல்ட் செட் போட்டிருக்கிறார். ஞாயிற்றுக்கிழமை போய்ப் பார்த்துவிட்டு வந்தேன். பெல்ட்டுக்கு எதிராக நான் பேசுவதாக யாரும் நினைக்க வேண்டாம், உள்ளே போனால் ஒப்புக்கொள்ளத்தான் வேண்டும். நெடியே இல்லை. மூன்று நாளைக்கு ஒரு முறை பெல்ட்டை ஓட்டி எச்சத்தை வெளியே தள்ளிவிடுகிறார். வெயில் காலத்தில் ஈ முட்டையிலிருந்து பறக்கும் ஈயாக ஏழு முதல் பத்து நாள் ஆகும். அதற்குள் எச்சம் வெளியே போய்விடுவதால் செட்டுக்குள் ஈ பிறக்க வழியில்லை. அம்மோனியா எழும்ப நேரமும் இல்லை. கோழிக்குக் கண் எரிச்சல் கிடையாது, வேலை செய்கிற பெண்களுக்கும் கிடையாது. செட்டுக்குள் அம்மோனியா 25 பிபிஎம்முக்கு (காற்றில் பத்து லட்சத்தில் 25 பங்கு) மேல் போகக் கூடாது என்பார்கள், மூடிய செட்டில் அதற்குள் வைத்திருக்க பெல்ட் இல்லாமல் கஷ்டம்.

அப்புறம் செட்டுக்குப் பின்னால் போனேன். பெல்ட் கொட்டுகிற இடத்தில் ஒரு சின்ன மலை. எழுபது சதவீத ஈரத்தில் களிம்பாக நிற்கிறது. மேலே கூரை கிடையாது. ஈக்கு விலாசம் மட்டும் மாறியிருக்கிறது.

நான் 10ஆம் தேதி எழுதிய 700 லிட்டரை இங்கே வைத்துப் பாருங்கள். தூண் செட்டில் காற்று தூக்கிப்போன தண்ணீரை இங்கே யாராவது தூக்க வேண்டும். ஒன்று, பெல்ட்டுக்கு மேலேயே குழாய் வைத்துக் காற்று ஊதி உலர்த்துகிற வசதி. அதற்குக் கரண்ட். இல்லையென்றால் எருவைக் காயவைக்கக் கூரை போட்ட களம், புரட்டிவிட ஆள் அல்லது டிராக்டர். மாமா செட்டுக்குக் கடன் வாங்கும்போது களத்தை மதிப்பீட்டில் சேர்க்கவே இல்லை. "அதெல்லாம் அப்புறம் பார்த்துக்கலாம்னு விட்டுட்டேன் மாப்ளே" என்றார். செட் போடுகிறவர் விலைப்பட்டியலில் கோழிக்கு எவ்வளவு, கூண்டுக்கு எவ்வளவு என்று எல்லாம் இருக்கும். எச்சம் சுவரைத் தாண்டியதும் அவருக்கும் அதற்கும் சம்பந்தமில்லை.

ஆக பெல்ட் செட் எருத் தொல்லையைச் செட்டுக்கு வெளியே தள்ளுகிறது. வெளியே நல்ல ஏற்பாடு இருந்தால் அதைவிட நல்ல எரு கிடையாது. தழைச்சத்து பெருமளவு மிஞ்சியிருக்கும். இல்லையென்றால் தூண் செட்டைவிட மோசம்.

ஏப்ரல் 2

கேள்வி கேட்ட தம்பி நிப்பிளை எண்ணிவிட்டு எழுதியிருக்கிறார். எண்ணிக்கையை இங்கே போட வேண்டாம் என்று கேட்டுக்கொண்டதால் போடவில்லை. நூறுக்கு மேல், அவ்வளவு சொல்லலாம்.

ஈக்கு மருந்து அடிக்கலாமா என்று கேட்கிறார். எருக் குவியல் மேல் அடிக்காதீர்கள். பழைய குவியலைக் கம்பால் கிளறிப் பாருங்கள், கறுப்பாகச் சின்ன வண்டுகள் ஓடும், இன்னும் பொடியாக உண்ணிகளும் இருக்கும். இரண்டும் ஈயின் முட்டையையும் புழுவையும் தின்பவை. குவியலுக்கு மருந்து அடித்தால் முதலில் சாவது இவைதான். ஈ நாலு நாளில் பக்கத்துத் தோட்டத்திலிருந்து வந்துவிடும், வண்டு வர மாதக்கணக்காகும். பறக்கிற ஈக்கு அது உட்காருகிற சுவர், தூண், கயிறு என்று அடித்தால் போதும், அல்லது சர்க்கரைத் தண்ணீர் சேர்த்த விஷப்பொறி வைக்கலாம்.

எருவை அள்ளும்போதும் இதே கதை. மொத்தமாகத் தரை தெரிய வழித்து எடுத்துவிட்டால் அடுத்த பத்து நாளில் ஊரே ஈயாகிவிடும். புது எச்சம் ஈரமாக விழும், அதைத் தின்ன வண்டும் இருக்காது, உறிஞ்சக் காய்ந்த எருவும் இருக்காது. அடியில் அரை அடி பழைய எருவை விட்டுவிட்டு அள்ளுங்கள். ஒரு வரிசையை இந்த மாதம், அடுத்த வரிசையைச் சில வாரம் கழித்து. வாங்க வருகிற லாரிக்காரர் முகம் சுளிப்பார், "ஒரே நாள்ல முடிச்சிடலாங்க" என்பார். அவருக்கு டீ வாங்கிக் கொடுத்துச் சமாதானப்படுத்துங்கள்.

தீவனத்தில் கலக்கிற சைரோமசின் பற்றிக் கேட்டவருக்கு: புழு கூட்டுப்புழுவாக மாறுவதைத் தடுக்கும், வேலை செய்யும். வருடம் முழுக்கக் கலந்துகொண்டே இருந்தால் ஈ பழகிவிடும். சில வாரம் கொடுத்து நிறுத்தி, ஈ ஏறும்போது மறுபடி கொடுப்பதுதான் முறை. ஒழுகுகிற செட்டில் அது வீண் செலவு.

ஏப்ரல் 18

மோகனூர் நண்பருக்கு வாக்குக் கொடுத்தது. வெயில் சுட்டெரிக்கிறது, பொருத்தமான நேரம்தான்.

மழைக்காலத்தில்தான் எரு நனையும் என்று எல்லோரும் நினைக்கிறோம். நம் ஊரில் சித்திரையிலும் நனைகிறது. சாதாரண நாளில் கோழி தின்கிற தீவனத்தைப் போல இரண்டு மடங்கு தண்ணீர் குடிக்கும். வெயில் 38, 40 டிகிரி போனால் தீவனம் குறையும், தண்ணீர் தீவனத்தைப் போல நாலு மடங்கு வரை ஏறும். குடித்தது எங்கே போகும்? நீராக எச்சம் போடுகிறது. பங்குனி சித்திரையில் ஈ பெருகுவதற்கு இதுதான் பெரிய காரணம். கூரை மேல் தென்னை ஓலை, தெளிப்பான் என்று கோழியைக் குளிரவைக்கிற எல்லா வேலையும் எருவைக் காயவைக்கிற வேலையும்கூட. ஆனால் தெளிப்பான் தண்ணீர் கூரையிலிருந்து வழிந்து எருவில் விழாமல் தகரத்தை நீட்டி விடுங்கள். விழுகிற செட்டையும் பார்த்திருக்கிறேன்.

அடுத்தது உப்பு. நம் போர் தண்ணீர் பல இடத்தில் உப்பு. போதாததற்குத் தீவனத்தில் கருவாட்டுத் தூள் சேர்த்தால் அதிலும் உப்பு. உப்பு ஏறினால் கோழி கூடுதலாகக் குடித்து நீராகக் கழியும். தண்ணீரையும் தீவனத்தையும் சோதிக்காமல் மருந்துக் கடைக்கு ஓடுவது வழக்கமாகிவிட்டது. நாமக்கல் கால்நடை மருத்துவக் கல்லூரியில் தீவன ஆய்வகம் இருக்கிறது, ஒரு பாக்கெட் கொண்டுபோய்க் கொடுங்கள். அவர்கள் வாராவாரம் வெளியிடுகிற வானிலைக் குறிப்பில் கோழிப்பண்ணைக்கு என்று தனியாக ஆலோசனை வருகிறது. பேப்பரில் அதை மட்டும் தாண்டிப் போய்விடுகிறோம்.

மூன்றாவது புரதம். தேவைக்கு மேல் புரதம் போட்டால் கோழி அதை யூரிக் அமிலமாக்கி வெளியே தள்ளும், தள்ளத் தண்ணீரும் கேட்கும். மெத்தியோனின், லைசின், திரியோனின் என்கிற அமினோ அமிலங்களைத் தனியாகச் சேர்த்துப் புரதத்தை ஒரு சதவீதப் புள்ளி குறைத்தால், உதாரணத்துக்கு 17ஐ 16 ஆக்கினால், எச்சத்தில் போகிற தழைச்சத்து பத்து சதவீதம் வரை குறையும். முட்டை குறையாது, கணக்கு சரியாக இருந்தால். இதை நீங்களாக மிக்ஸரில் முயற்சி செய்ய வேண்டாம், தீவனக் கணக்குப் போடத் தெரிந்தவரிடம் கேட்டுச் செய்யுங்கள்.

ஏப்ரல் 19

பாஸ்பரஸை விட்டுவிட்டேன் என்று ஒருவர் இடித்துக் காட்டியிருக்கிறார். சரிதான். சோளம், சோயா, தவிடு எல்லாவற்றிலும் இருக்கிற பாஸ்பரஸில் மூன்றில் இரண்டு பங்கு ஃபைட்டேட்டாகக் கட்டிக் கிடக்கிறது. கோழிக்கு அதைப் பெரும்பாலும் உடைக்கத் தெரியாது. அதனால் பாஸ்பரஸுக்காக டிசிபி (டைகால்சியம் பாஸ்பேட்) வாங்கிப் போடுகிறோம். கட்டிக்கிடந்தது அப்படியே பின்னால் போகிறது. தின்கிற பாஸ்பரஸில் முட்டைக்குப் போவது ஐந்தில் ஒரு பங்குதான் இருக்கும். ஃபைட்டேஸ் நொதி சேர்த்தால் டிசிபியைக் குறைக்கலாம், எருவில் மணிச்சத்துச் சுமையும் குறையும். நம் பக்கத்துப் பண்ணைகளில் ஃபைட்டேஸ் புழக்கத்துக்கு வந்தது செலவு குறையும் என்பதற்காகத்தான். மண்ணுக்காக யாரும் வாங்கவில்லை, எப்படியோ நல்லது நடந்தால் சரி.

மே 6

பல்லடத்து நண்பர் ஆழ்கூளத்தைப் பற்றி எழுதச் சொல்கிறார். லேயரில் இப்போது ஆழ்கூளம் குறைவு, பிராய்லரிலும் குஞ்சு வளர்ப்பிலும்தான் அதிகம். உமி, கடலைத் தொலி, தென்னை நார்க்கழிவு என்று எது மலிவோ அதைத் தரையில் பரப்பி, அதன் மேலேயே கோழியை வளர்ப்பது. எருவாகப் பார்த்தால் ஆழ்கூளம் நல்ல அமைப்பு. கூளத்தில் இருக்கிற கரி (கார்பன்) தழைச்சத்தைக் கொஞ்சம் பிடித்து வைக்கும், கோழியே கிளறிவிடும். ஆனால் ஒரு முறை கட்டி தட்டிவிட்டால் தொலைந்தது, அம்மோனியா கோழியின் மூக்கு உயரத்தில்தான் நிற்கும்.

அவர் சொன்னதில் ஒன்றை மட்டும் மறுக்கிறேன். "கூளம் நனைந்தால் சுண்ணாம்பு தூவினால் நாற்றம் அடங்கும்." சுண்ணாம்பு ஈரத்தை உறிஞ்சும், உண்மை. கூடவே காரத்தன்மையை ஏற்றிவிடும். கூளத்தில் அடங்கிக் கிடந்த அம்மோனியா காரம் ஏற ஏற வாயுவாக எழும்பும். தூவின அன்றைக்கு செட்டுக்குள் நின்று பாருங்கள், கண்ணில் நீர் வரும். நாற்றம் அடங்கியதற்குக் காரணம் தழைச்சத்து பறந்து தீர்ந்தது. அம்மோனியாவைப் பிடிக்க வேண்டுமானால் சூப்பர் பாஸ்பேட் தூவிக் கிளறுவது மேல். எருவிலும் மணிச்சத்து ஏறும். ஏறுவது வேண்டுமா என்பது வேறு விஷயம், கீழே பாருங்கள்.

ஜூன் 11

மஞ்சள் நடவு முடிந்தது. கை ஓய்ந்தது. எழுத நேரம்.

கோழி எருவில் தழை 3.03, மணி 2.63, சாம்பல் 1.4 சதவீதம் என்று வேளாண் பல்கலைக்கழகம் கொடுக்கிற கணக்கு. மாட்டெருவில் தழை அரை சதவீதம்தான். தழைச்சத்துக் கணக்கில் ஒரு டன் கோழி எரு ஆறு டன் மாட்டெருவுக்குச் சமம். ஆனால் நம்மாட்கள் போடுவது மாட்டெரு அளவுக்கே, டிப்பர் கணக்கில். அப்புறம் "கோழிக் குப்பை சூடு, பயிரைக் கருக்கிடும்" என்று பழி.

கோழி எருவில் தழையும் மணியும் ஏறக்குறைய ஒரே அளவு. மஞ்சளோ மரவள்ளியோ கரும்போ, எந்தப் பயிரும் அப்படிச் சம அளவில் எடுப்பதில்லை. தழைக்குக் கணக்கிட்டுப் போட்டால் மணி தேவைக்கு மேல் போய்விடும். அதிலும் ஆறு மாதம் கிடந்த எரு என்றால் தழை பாதி பறந்திருக்கும், மணி அப்படியே (மார்ச் 13 குறிப்பு). ஆகவே மணிச்சத்துக்குக் கணக்கிட்டு எருவை வைத்துக்கொண்டு, குறைகிற தழையை யூரியாவாகக் கொடுப்பதுதான் சரி. நடப்பது என்ன? கோழி எருவை டிப்பரில் கொட்டிவிட்டு, அதன் மேல் அடியுரமாக டிஏபி (மணிச்சத்து மிகுந்த உரம்) மூட்டையும் உடைக்கிறோம். மணிச்சத்து தேவைக்கு மேல் ஏறினால் துத்தநாகம் எடுபடாது. இலை வெளுத்தவுடன் கடையில் போய் நுண்ணூட்டக் கலவை வாங்குகிறோம். கடைக்காரருக்கு இரண்டு பக்கமும் வியாபாரம்.

ஜூன் 12

நேற்று எழுதியதை இரவு படுத்துக்கொண்டு யோசித்தேன், இதைச் சேர்க்காமல் இருக்க முடியாது: சுண்ணாம்புச் சத்து.

லேயர் தினம் நாலு கிராம் கால்சியம் தின்கிறது. ஓட்டுக்குப் போவது இரண்டு கிராம் சொச்சம். மீதி எச்சத்தில். 10,000 கோழிக்குக் கிட்டத்தட்ட 18 கிலோ கால்சியம், சுண்ணாம்புக்கல்லாகச் சொன்னால் 45 கிலோ. தினம் ஒரு மூட்டை யூரியா விழுகிறது என்றேனே, அதோடு ஒரு மூட்டை சுண்ணாம்பும் விழுகிறது. யூரியாவில் பாதி பறந்துவிடும், சுண்ணாம்பு ஒரு பிடிகூடப் பறக்காது.

நம் ஈரோடு, நாமக்கல் பக்கத்து மண்ணில் ஏற்கெனவே சுண்ணாம்பு கிடக்கிற இடம் நிறைய. ஓடை ஓரம் தோண்டினாலே வெள்ளைக் கல் வரும். அந்த மண்ணில் மஞ்சள் இரும்புச் சத்து எடுக்க முடியாமல் இலை வெளுப்பது எல்லோரும் பார்த்ததுதான். அதில் வருடா வருடம் லேயர் எருவைக் கொட்டினால் வெளுப்பு கூடத்தான் செய்யும். அந்தக் காட்டுக்கு பிராய்லர் கூளம் மேல், அதில் சுண்ணாம்பு குறைவு. அதே லேயர் எரு கேரளத்துச் செம்மண்ணுக்கும் நீலகிரிக் காய்கறித் தோட்டத்துக்கும் அருமையான சரக்கு. அங்கே மண் புளிப்பு, எப்படியும் சுண்ணாம்பு வாங்கித்தான் போடுகிறார்கள். நம் எரு லாரி மேற்கே மலையேறுவதைப் பார்த்து "நம்ம சத்தை அவங்க தின்கிறாங்க" என்று புலம்புவோம். மண்ணைக் கேட்டால் போகட்டும் என்றுதான் சொல்லும்.

எல்லா மண்ணும் அப்படியில்லை. சோதித்துவிட்டு முடிவெடுங்கள். என் தோட்டத்திலேயே கிணற்று மேட்டுக்கும் தென்னை இருக்கிற பள்ளத்துக்கும் வித்தியாசம் உண்டு. லேயர் எரு இப்போது பள்ளத்துக்கு மட்டும்.

ஜூலை 20

"கூண்டே வேண்டாம், திறந்தவெளியில் மேயவிட்டால் எருப் பிரச்சினையே கிடையாது, கோழியே வயலுக்கு எரு போட்டுவிடும்" என்று இன்னொருவர் எழுதியிருக்கிறார்.

எங்கள் அத்தை வீட்டில் பத்துப் பதினைந்து நாட்டுக்கோழி. பகலில் வேலியோரம் மேயும், ராத்திரி பஞ்சாரத்தில். அங்கே பிரச்சினை இல்லை என்பது உண்மை. அதே முறையை ஆயிரக்கணக்கில் செய்யும்போது கணக்கு மாறுகிறது. கோழி நிலம் முழுக்கப் பரவி மேய்வதில்லை, பருந்து பயம். செட் வாசலை ஒட்டிய கொஞ்ச தூரத்திலேயே பெரும்பாலானவை நிற்கும். அந்த இடத்தில் புல் செத்து, எச்சம் குவிந்து, மழை பெய்தால் நைட்ரேட் நேராகக் கீழே இறங்கும். கிணறு அந்தப் பக்கம் இருந்தால் யோசித்துக்கொள்ளுங்கள். குடிநீரில் நைட்ரேட் லிட்டருக்கு 45 மில்லிகிராமுக்கு மேல் இருக்கக் கூடாது. நிழல் மரமோ நிழல்வலையோ தள்ளித் தள்ளி வைத்தால் கோழி கொஞ்சம் தூரம் போகும், அப்புறம் மேய்ச்சல் இடத்தை மாற்றி மாற்றி விட வேண்டும்.

ஐரோப்பாவில் ஹெக்டேருக்கு வருடம் 170 கிலோ தழைச்சத்துக்கு மேல் கால்நடை எரு போடக் கூடாது என்று வைத்து, இயற்கைப் பண்ணை விதியில் அதை 230 முட்டைக்கோழிக்குச் சமம் என்று எழுதினார்கள். நம் கணக்குக்கும் அது ஒத்து வருகிறது, கோழிக்கு வருடம் முக்கால் கிலோ சுமார். ஏக்கருக்குக் கொண்டுவந்தால் 93 கோழி. தம்பியின் 10,000 கோழிக்கு 107 ஏக்கர். கூண்டோ பெல்ட்டோ மேய்ச்சலோ, எச்சத்துக்கு வேண்டிய நிலம் அதேதான். நம்மில் யாருக்கு நூறு ஏக்கர் இருக்கிறது?

கோழியின் நிம்மதிக்காக மேயவிடுகிறீர்கள் என்றால் அது வேறு பேச்சு, அதில் எனக்கு எதிர்ப்பு இல்லை. எருவுக்காக என்று சொல்லாதீர்கள்.

ஆகஸ்ட் 3

இது கொஞ்சம் வழி விலகல். மேலே 107 ஏக்கர் என்று எழுதியதிலிருந்து மண்டைக்குள் ஓடிக்கொண்டே இருக்கிறது. மக்காச்சோளம் கர்நாடகத்திலிருந்தும் ஆந்திரத்திலிருந்தும் வருகிறது, சோயாப் புண்ணாக்கு மத்தியப் பிரதேசத்திலிருந்து. அந்தக் கரிசல் மண்ணின் பாஸ்பரஸ் ரயிலேறி நாமக்கல் வந்து, கோழிக்குள் நுழைந்து, லாரியேறி இடுக்கிக்குப் போகிறது. நாம் நடுவில் முட்டையை மட்டும் எடுத்துக்கொள்கிறோம். மத்தியப் பிரதேசத்துக்காரர் டிஏபி மூட்டையை யாரிடம் வாங்குவார்?

ஆடிக்காற்று நன்றாக அடிக்கிறது. இந்தக் காலத்தில் எரு தூளாகக் காய்ந்துவிடும். பக்கத்து வீட்டுக்குப் புழுதி போகாமல் பார்த்துக்கொள்ளுங்கள். ஈக்குச் சண்டை போனால் புழுதிக்குச் சண்டை வரும்.

ஆகஸ்ட் 4

அனுமதி பற்றிக் கேட்டவருக்குச் சுருக்கமாக: மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் 2021இல் கோழிப்பண்ணைக்குப் புது வழிகாட்டுதல் வெளியிட்டது. 5,000 கோழிக்கு மேல் இருந்தால் வாரிய அனுமதி வாங்க வேண்டும் என்று அதில் சொன்னார்கள். எருவைக் கூரைக்குக் கீழே, தண்ணீர் இறங்காத தரையில் வைப்பது, செத்த கோழியை முறையாகப் புதைப்பது எல்லாம் அதில் கேட்பார்கள். செத்த கோழியை எருக் குவியலில் வீசுகிற பழக்கம் உள்ளவர்கள் இன்றைக்கே நிறுத்துங்கள். நாய் இழுத்துப் போவது ஒரு பக்கம், அந்த எரு கிடக்கிற காட்டில் மேய்கிற மாடு பொட்டுலிசம் என்கிற நச்சு நோய் வந்து கால் விழுந்து சாகும்.

அக்டோபர் 27

மழை பிடித்துக்கொண்டது. கேள்வி கேட்ட தம்பியிடமிருந்து சேதி: செட்டை இடிக்கவில்லை. நிப்பிள் மாற்றினார், எருவை வரிசை விட்டு அள்ளினார், ஈ குறைந்தது. அடுத்த பேட்ச்சுக்கு அப்புறம் பெல்ட் செட் பற்றி முடிவு செய்வாராம், களத்தோடு சேர்த்து மதிப்பீடு வாங்கியிருக்கிறார். சாரல் அடிக்கிற வடகிழக்குப் பக்கம் எரு நனைகிறது, என்ன செய்வது என்கிறார்.

அந்தப் பக்கம் கூரைத் தகரத்தை நீட்டுங்கள், அடியில் எருவுக்கும் வெளித்தரைக்கும் நடுவே ஒரு அடி உயரத்துக்கு வரப்பு கட்டுங்கள், வெளித் தண்ணீர் உள்ளே வரக் கூடாது. தார்ப்பாயைத் தரை வரை இறக்கிக் கட்டிவிடாதீர்கள், காற்று நின்றுபோகும்.

நவம்பர் 8

நனைந்த எருவை என்ன செய்யலாம் என்பது கடைசியாக வந்த கேள்வி. நனைந்ததை லாரிக்காரர் தொட மாட்டார். மட்கவைத்துவிடுங்கள்.

கோழி எருவில் தழை அதிகம், கரி குறைவு. நார்க்கழிவில் அதற்கு நேர் எதிர், தழைக்கு நூறு மடங்கு கரி. இரண்டையும் கலந்தால் நடுவில் இருபத்தைந்து, முப்பது மடங்கு வரும், அதுதான் மட்குவதற்கு ஏற்ற அளவு. பொள்ளாச்சிப் பக்கமும் காங்கயம் பக்கமும் நார் மில்லில் கழிவு மலையாகக் கிடக்கிறது. வண்டி வாடகைதான் பெரிய செலவு. ராசிபுரம், ஆத்தூர் பக்கத்தவர்கள் சேகோ (ஜவ்வரிசி) பேக்டரித் திப்பியை, அதாவது மரவள்ளிச் சக்கையைச் சேர்க்கலாமா என்கிறார்கள். சேர்க்கலாம், ஆனால் ஈரத் திப்பியைச் சேர்த்தால் ஈரத்தோடு ஈரம் சேர்ந்து புளித்துப்போகும், காய்ந்த திப்பியாக இருக்கட்டும். சாண எரிவாயுக் கலன் வைத்திருப்பவர்களுக்கு மட்டும் ஈரத் திப்பி நல்ல துணை. கோழி எச்சத்தை மட்டும் கலனில் போட்டால் அம்மோனியா ஏறி வாயு நின்றுவிடும், திப்பியோ சாணியோ கலந்தால் ஓடும்.

குவியல் நாலடி உயரம் இருக்கட்டும், உள்ளே சூடு 55 டிகிரிக்கு மேல் ஏற வேண்டும். இரண்டு மூன்று நாளில் ஆவி பறக்கும். சூடு இறங்கியதும் புரட்டுங்கள், ஓரத்தில் இருந்தது நடுவுக்கு வரட்டும். சால்மோனெல்லாக் கிருமியும் புழுவும் அந்தச் சூட்டில்தான் சாகும். புரட்டும்போது அம்மோனியா நெடி அடித்தால் நார்க்கழிவு போதவில்லை, இன்னும் ஒரு சட்டி கொட்டுங்கள். அழுகல் நாற்றம் அடித்தால் ஈரம் கூட. சூடே ஏறவில்லை என்றால் நார்க்கழிவு மிஞ்சிவிட்டது, செட்டுக்கு அடியில் போய் நனைந்த எருவாகப் பார்த்து ரெண்டு கூடை அள்ளி வாருங்கள்.